எங்கள் வீட்டில் உருவான கார்

படப்பையில் குடியிருக்கும் எங்களுக்குக் கார் ஒன்றும் அதிசயமில்லை. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதே, இரண்டு அடுக்கு டிரெய்லர் லாரிகளில் புத்தம்புதுக் கார்கள் வரிசையாகப் போவதைத் தினமும் பார்க்கிறோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும், ஒரகடத்தில் 2010-லும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் வந்த பிறகு, ஏரியும் நெல்வயலுமாக இருந்த எங்கள் பக்கம், மூன்று ஷிப்டுக்கும் கம்பெனி பஸ் ஓடும் பக்கமாக மாறிவிட்டது. நாங்கள் வாசல் தெளிக்கும் நேரத்தில் ஒரு ஷிப்டு வீடு திரும்பும், இன்னொரு ஷிப்டு டிபன் டப்பாவோடு கிளம்பும்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, "நாங்களும் வீட்டிலேயே ஒரு கார் செய்தோம்" என்று சொன்னால் சிரிப்பு வரத்தானே செய்யும்? ஆனால் செய்தோம். நீளம் சுமார் ஆறு அங்குலம். செய்து முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் எங்கள் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்பதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2023-ம் வருஷம் ஆடி மாதம், எங்க வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் வலது கையில் அடிபட்டது. நடுவிரல், மோதிர விரல் இரண்டிலும் விரலை மடக்குகிற தசைநாண் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து சேர்த்தார்கள். ஆறு வாரம் கையில் கட்டுப்பலகை. ஆபரேஷனில் பாதி வேலைதான் முடிந்தது, மீதிப் பாதி பயிற்சியில்தான் இருக்கிறது என்று டாக்டர் அப்போதே சொன்னார். சேர்த்த நாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டால் விரல் விறைத்துப் போகும். அதனால் சொன்னபடி, சொன்ன அளவுக்கு, தினமும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரொம்ப அசைத்தாலும் தையல் விட்டுப்போகும்.

பணத்துக்கு அவ்வளவாகத் தவித்துப் போகவில்லை. இ.எஸ்.ஐ.யில் பதிந்திருப்பவர்களுக்கு, வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை உதவித்தொகை உண்டு. இந்தப் பக்கத்துச் சகோதரிகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எங்களைத் தவிக்க வைத்தது அவருடைய மௌனம்தான்.

கட்டுப் பிரித்த பிறகு, பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண்மணி ஒரு கிண்ணத்தில் பட்டாணியும் கோலிக்குண்டும் போட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி இன்னொரு கிண்ணத்தில் போடச் சொன்னார். ஸ்பாஞ்சு பிழிய வேண்டும், துணி மாட்டும் கிளிப்பை அமுக்கித் திறக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் செய்வார். வீட்டுக்கு வந்தால், "நான் என்ன எல்.கே.ஜி. பையனா, பட்டாணி பொறுக்க?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். ஸ்பூனால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாதென்று எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாகச் சாப்பிடுவார். பத்தொன்பது வருஷம் இயந்திரத்தோடு நின்ற மனிதர். விரல் மடங்காவிட்டால் எந்த வேலைக்குப் போவது என்ற பயத்தை அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து என் தம்பி வந்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஒரு அட்டைப் பெட்டி கொண்டு வந்திருந்தான். ரெவெல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயர், மேலே ஒரு விசித்திரமான காரின் படம். திறந்தால் கார் இல்லை! முள்ளு முள்ளாகக் கிளை விட்ட பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் காய் காய்த்த மாதிரி சின்னச் சின்னத் துண்டுகள், நான்கு ரப்பர் டயர்கள், ஒரு படப் புத்தகம். அவ்வளவுதான்.

என் மாமியாருக்கு ஒரே ஆற்றாமை. "பொம்பளப் புள்ளைக்குப் போயி காரு பொம்மையா? அதுவும் உடைஞ்ச காரு! ஒரு பாவாடைத் துணி வாங்கியாந்திருக்கக் கூடாதா உன் தம்பி?" என்றார்.

"உடைஞ்சது இல்ல ஆயா, நாமதான் சேர்க்கணும்" என்றாள் மகள்.

ஹாட் ராட் என்றால் என்ன?

அந்தப் பெட்டியில் இருந்தது 1932-ம் வருஷத்து ஃபோர்டு காரின் மாதிரி. அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. அசல் கார் இருபத்தைந்து அங்குலம் என்றால் இது ஒரு அங்குலம். 1932-ல்தான் ஃபோர்டு கம்பெனி, சாமானியர்கள் வாங்கக்கூடிய விலையில் முதன்முதலாக எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின் போட்ட காரை விற்றது. 65 குதிரைத்திறன். இன்றைக்கு நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது; அந்த நாளில் அது பெரிய விஷயம்.

பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்தக் கார்கள் பழசாகி அடிமாட்டு விலைக்கு வந்தன. 1945-ல் உலக யுத்தம் முடிந்து திரும்பிய அமெரிக்க வாலிபர்கள் அவற்றை வாங்கினார்கள். புதுக் காருக்குக் கையில் காசு இல்லை. மட்கார்டைக் கழற்றி எறிந்து கனத்தைக் குறைத்தார்கள். காயலான் கடையில் கிடைத்த எஞ்சினைப் பொருத்தினார்கள். சிலர் கூரையைக் கூட வெட்டித் தாழ்த்தினார்கள். கலிபோர்னியாவில் தண்ணீர் வற்றிக் காய்ந்து கிடக்கும் ஏரிப் படுகைகளில் ஓட்டி, யார் வேகம் என்று பார்த்தார்கள். இப்படிப் பழசை வைத்து, தன் கைப்படத் திருத்திய வேகக் காருக்குத்தான் ஹாட் ராட் என்று பெயர். 1948-ல் அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகையும் வந்தது.

அசல் காரைத் திருத்த வசதியில்லாத சிறுவர்களுக்காக வந்ததுதான் இந்தப் பிளாஸ்டிக் துண்டுப் பெட்டி. 1958-ல் ஏ.எம்.டி. என்ற கம்பெனி, ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்யக்கூடிய கார்களைக் கொண்டு வந்தது. கடையில் இருக்கும் மாதிரியே செய்யலாம், பந்தயக் காராகச் செய்யலாம், இஷ்டப்படி அலங்கரித்தும் செய்யலாம். நம் தெருமுனைக் கடையில் குழந்தைகள் கேட்டு அழும் ஹாட் வீல்ஸ் கார்களும் இந்த வழியில் வந்தவைதான். 1968-ல் மேட்டல் கம்பெனி அவற்றை வெளியிட்டது. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ரூத் ஹேண்ட்லர் என்ற பெண்மணி. "பொம்பளப் புள்ளைக்குக் காரா?" என்று கேட்ட என் மாமியாரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா!" என்று தாடையில் கை வைத்துக்கொண்டார்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்றில்தான் பல வருஷம் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. ஃபியட், ஹெரால்டு கார்களைத் தாங்களே திருத்தி எடுத்து வந்து ஓட்டினார்கள். பிறகு 1990 வாக்கில் பந்தயம் எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கே வந்துவிட்டது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், சாதாரண மாருதி எஞ்சினை வைத்தே உள்ளூரில் பந்தயக் கார் செய்து காட்டியவர். 1995-ல் விமான விபத்தில் காலமானார். இந்தியாவிலிருந்து முதன்முதலாக, 2005-ல், ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் அந்த மாருதிப் பந்தயக் கார்களில் ஓட்டிப் பழகியவர்தான்.

மூன்றாவது கை

மகள் தானே செய்வதாகத் தொடங்கினாள். ஆனால் இந்த வேலைக்கு இரண்டு கை போதாது. ஒட்டும்போது ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் அடுப்பங்கரையில் இருந்தேன். "அப்பா, இதைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றாள். இடது கையால் பிடித்தார். இரண்டு நாள் கழித்து, "தள்ளு, அப்படி இல்ல, கோணலா இருக்கு" என்று வலது கையையும் நீட்டினார். நான் குழம்பைக் கிளறிக்கொண்டே பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பயிற்சிப் பெண்மணியிடம் கேட்டேன். "தாராளமா செய்யட்டும். பட்டாணி பொறுக்குறதும் இதுவும் ஒண்ணுதான். ஆனா பத்து நிமிஷம் செஞ்சா பத்து நிமிஷம் ஓய்வு. வலிச்சா நிறுத்திடணும். விரல் நுனியில மரமரப்பு இருக்கு, வெட்டுப்பட்டாலும் தெரியாது. அதனால பிளேடு மட்டும் அவர் கையில குடுக்காதீங்க" என்றார். அப்படியே செய்தோம். வெட்டுவது நான், தேய்ப்பது மகள், பொறுக்கிப் பொருத்துவது அவர்.

எப்படிச் செய்தோம் என்பதையும் சொல்கிறேன். துண்டுகளைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்கக் கூடாது, சதையோடு வந்துவிடும். சின்ன கட்டிங் பிளேயரால் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவும் எண்ணெய்ப் பிசுக்கு போக, எல்லாவற்றையும் முதலிலேயே சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைத்தோம். முறத்தில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்தால் துண்டு உருண்டு ஓடாது. ஒட்டுவதற்கு முன்பு டேப் போட்டு ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பசை, துண்டின் ஓரத்தைக் கரைத்து ஒன்றோடு ஒன்று கலக்க வைக்கிறது. ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான். முலாம் பூசிய துண்டில் பசை பிடிக்காது, ஒட்டும் இடத்தில் மட்டும் முலாமைச் சுரண்ட வேண்டும். கண்ணாடிக்கு உடனே ஒட்டும் பசையைத் தொடவே கூடாது, ஆவி படிந்து வெள்ளை பூத்துவிடும். வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது.

வண்ணத்துக்கு மட்டும் வீட்டில் ஒரு வாரம் சண்டை. கடைசியில் மயில் கழுத்து நிறம் என்று முடிவாயிற்று. முதலில் சாம்பல் நிறப் பூச்சு, பிறகு மெல்லிசாக மூன்று நான்கு தடவை. ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வழிந்துவிடும். ஐப்பசி அடைமழையில் காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் வெளிறிப் போகுமாம், அதனால் தை வெயிலுக்குக் காத்திருந்தோம். லாரி போகிற எங்கள் தெருப் புழுதி ஒட்டாமலிருக்க, பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து அதனுள்ளே காய வைத்தோம்.

நுணுக்க வேலை என்பது இதற்குப் பிறகுதான். அசல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளக், ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு வயர். பெட்டியில் அந்த வயர்கள் கிடையாது. கறுப்புத் தையல் நூலை எடுத்தோம். பிசிறு பிசிறாக வந்தது. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "மெழுகுவத்தியில இழுங்க, பிசிறு அடங்கும்" என்றார். இழுத்தோம், அடங்கியது. எட்டு நூலை எட்டு இடத்தில் சேர்க்க எங்க வீட்டுக்காரருக்கு நான்கு நாள் ஆயிற்று. முன்பக்கக் கம்பிச் சட்டத்தின் மேல் நீர்க்கக் கரைத்த கறுப்பு வண்ணத்தைத் தடவித் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் கறுப்பு நின்று ஒவ்வொரு கோடும் எடுப்பாகத் தெரிகிறது, மாக்கோலத்துக்குச் செம்மண் கோடு இட்ட மாதிரி.

ஒருநாள் சாயந்திரம், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஈர்க்கு மாதிரியான தண்டு அவர் விரலிடுக்கில் மளுக்கென்று முறிந்துவிட்டது. விரலுக்கு அழுத்தம் தெரியவில்லை. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் வரவில்லை. மகள்தான் மேலே போனாள். என்ன பேசினார்களோ, இறங்கி வரும்போது அவள் சொல்லிக்கொண்டு வந்தது காதில் விழுந்தது: "அவங்களும் உடைஞ்சதை வெச்சுத்தானேப்பா பண்ணாங்க?" என் தையல் பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, தலையை நறுக்கி, தண்டுக்குப் பதிலாக வைத்தார்கள். இன்றைக்கும் அந்தக் காரில் அந்தக் குண்டூசிதான் இருக்கிறது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

இந்த வேலையில் ஈடுபட நினைக்கும் சகோதரிகளுக்குச் சில எச்சரிக்கைகள்:

பசை, தின்னர், ஸ்பிரே பெயின்ட் எல்லாம் தீப்பற்றக் கூடியவை. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எரியும் அறையில் திறக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். ஸ்பிரே அடிப்பதை மொட்டை மாடியில், முகமூடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அந்த நெடி பக்கம் வர வேண்டாம்.

தின்னரைப் பழைய கூல் டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தவறி ஒரு குழந்தை குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உடனே ஒட்டும் பசையால் விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் கைவைத்தியம் கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

துண்டுகள் எல்லாம் குழந்தையின் தொண்டையில் சிக்கும் அளவு. தவழும் குழந்தை உள்ள வீட்டில், வேலை முடிந்ததும் எண்ணி மூடி மேலே வைத்துவிடுங்கள். பிளேடையும் எண்ணுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணை எடுத்துத் தூரத்தில் பாருங்கள். கழுத்தும் கண்ணும் உங்களை வாழ்த்தும்.

வெளிநாட்டுப் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. அது விலை அதிகம். கடையில் விற்கும் சின்ன உலோகக் கார் ஒன்றை வாங்கி, பழைய வண்ணத்தைத் தேய்த்து, உங்கள் இஷ்டப்படி தீட்டலாம். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, பொத்தானைச் சக்கரமாக வைத்தும் செய்யலாம். கையும் கண்ணும் மனசும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், அதுதான் முக்கியம். ஆனால் கையில் காயம் பட்டவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். எங்களுக்கு ஒத்துவந்தது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

2024 மாசியில் கார் முடிந்தது. மகள் ஆசைப்பட்ட தீ ஜுவாலைப் படத்தைத் தண்ணீரில் ஊற வைத்து, அவர்தான் வலது கைச் சுட்டுவிரலால் நகர்த்தி இரண்டு பக்கமும் ஒட்டினார். பிறகு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமா ஒரே ஒரு பார்ட்டைத்தான் செஞ்சிருக்கேன். அது எந்த வண்டியில போகுது, எங்க உட்காருதுன்னுகூடத் தெரியாது. முழு வண்டி ஒண்ணை முதல்லேர்ந்து முடிக்கிற வரைக்கும் கைவெச்சது இதுதான்" என்றார்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தில் எத்தனை ஆயிரம் வீடுகளில் இப்படி மனிதர்கள் இருக்கிறார்கள்! நாள் முழுக்க நூறு போல்ட், ஆயிரம் போல்ட் முடுக்கிவிட்டு வருகிறார்கள். நாம் ஒரு சாம்பார் வைத்தால் கூடப் புளி கரைப்பதிலிருந்து தாளித்துக் கொட்டுவது வரை நம் கைதான், ருசியும் உடனே தெரிந்துவிடுகிறது. அவர்களுக்கு அது கிடைப்பதில்லை. களைத்து வருகிற கைக்கு ஓய்வு வேண்டும், வாஸ்தவம்தான். கூடவே, 'இது நான் செய்தது' என்று காட்ட ஏதாவது ஒன்றும் வேண்டியிருக்கிறது. அது காராக இருக்கலாம், தொட்டிச் செடியாக இருக்கலாம், பிள்ளைக்குச் செய்து தரும் காற்றாடியாக இருக்கலாம்.

அவருடைய மோதிர விரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய இயந்திரத்துக்குத் திரும்பவில்லை. வேறொரு இடத்தில் பாகங்களைச் சரிபார்க்கும் வேலை, சம்பளம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் சாதத்தைப் பிசைந்து தானே எடுத்துச் சாப்பிடுகிறார், எங்கள் எல்லோருடனும் உட்கார்ந்து.

மாமியார் போன வாரம் என் தம்பியிடம் போனில் பேசினார். அடுத்த தடவை வரும்போது பாவாடைத் துணி வேண்டாமாம், லாரி பெட்டி கிடைத்தால் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.